எல்லைக்கல் வரைக்கும்

கிட்ட வாங்கோ, என்ர குஞ்சுகள். காலைக் கம்பளிக்குள்ளை மடிச்சு வைச்சுக்கொண்டு இருங்கோ. ஒரு பனிக்காலத்துக் கதை சொல்லுறன். பழி வாங்கின கதைதான். நல்ல பிள்ளையள் கேக்கக் கூடாது எண்டுவினம், நீங்கள் கேளுங்கோ.

சுவிஸில், வில் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கோசலா வீடு வாங்கிப் பதினொரு வருசம். பின்வீடு உருத்திரமூர்த்தியருடையது. அவருடைய தோட்டத்து வேலி கோசலாவின் பக்கக் கதவைத் தாண்டி நடைபாதை வரை நீண்டிருந்தது. அங்கே அவருக்குப் போய்வரப் படலை இல்லை. அதனால் வேலியோரத்து அந்தத் துண்டு நடைபாதையையும் கோசலாதான் பனி தள்ளி வந்தாள். ஊரில் ஒழுங்கையை அந்தப் பக்கம் வாசல் உள்ளவர்தானே கூட்டுவது.

காலை ஏழு மணிக்குள் பனி தள்ளவேண்டும் என்பது கிராமத்துச் சட்டம். தை மாதத்தில் ஒருநாள் கோசலாவுக்குக் காய்ச்சல். முன்பக்கத்தை எப்படியோ தள்ளி முடித்தாள், வேலிப்பக்கம் அப்படியே கிடந்தது. அடுத்த கிழமை கிராம அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: பனி தள்ளவில்லை என்று அவள்மேல் முறைப்பாடு, பத்து நாளுக்குள் பதில் தரவேண்டும், அதுவரை குடியுரிமை நேர்முகம் நிறுத்தம்.

இரண்டு தரம் ஜெர்மன் பரீட்சையில் விழுந்து, மூன்றாம் தரம் தேறி, அந்த நேர்முகத்துக்காகக் காத்திருந்தவள் அவள். கடிதத்தோடு நேரே புறப்பட்டாள்.

கிராம அலுவலகத்தில் முறைப்பாட்டைக் காட்டினார்கள். பனி மூடிய வேலிப்பக்கத்தின் படம். அடியில் தமிழிலேயே கையெழுத்து: உருத்திரமூர்த்தி. கோயில் நிர்வாகத் தெரிவில் அவள் அவருக்குக் கை உயர்த்தவில்லை. அந்தக் கோபம்.

"எந்த இடம் எண்டு பாப்பம்" என்று அலுவலர்ப் பெண் காணி வரைபடத்தைத் திறந்தாள். புருவத்தைச் சுருக்கினாள். அந்தத் துண்டு உருத்திரமூர்த்தியரின் காணியை ஒட்டியது. சட்டம் படலையைப் பார்ப்பதில்லை, காணியைத்தான் பார்க்கும். மனிதர் தன் பனியைத் தானே படம் பிடித்துக் கொடுத்திருக்கிறார்!

அங்கேயே பதில் எழுதியிருக்கலாம். கோசலா எழுதவில்லை. வரைபடத்தின் பிரதி ஒன்றை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். பதிலுக்குத் தவணை வெள்ளிக்கிழமை. வியாழன் பனி விழும் என்று வானிலைக்காரன் சொல்லியிருந்தான். விழாவிட்டால்? ஆனாலும் பொறுத்தாள்.

வியாழன் முழங்கால் அளவுக்கு விழுந்தது. ஆறு மணிக்கே பனி தள்ளுற சவளோடு இறங்கி, தன் காணியின் எல்லைக்கல் வரைக்கும் தள்ளினாள். அதற்கு அப்பால் ஒரு விரல்கூடத் தொடவில்லை. கேக் வெட்டியதுபோல் பனி நேராய் நின்றது.

ஏழேகாலுக்கு உருத்திரமூர்த்தியர் பஸ்ஸுக்கு வந்தார்.

"என்ன பிள்ளை, திரும்பவும் தள்ளேல்லையோ? எங்கட சனத்தின்ர பேரெல்லோ கெடுது!"

"எழுதிப் போடுங்கோ அண்ணை. படமும் எடுங்கோ, வடிவா எடுங்கோ."

அவர் போனில் எடுத்தார், நின்ற நிலையிலேயே அலுவலகத்துக்கு அனுப்பினார்.

"அனுப்பியாச்சோ?"

"ஓம், அனுப்பியாச்சு!"

அதற்குப் பிறகுதான் கோசலா வரைபடத்தை விரித்து, எல்லைக்கோட்டில் விரலை வைத்தாள். அவர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"படலையே இல்லாத இடம், எப்பிடிப் பிள்ளை என்ர இடமாகும்?"

"ஊரிலை படலை அண்ணை. இஞ்ச காணி."

"சரி சரி... எங்களுக்குள்ளை கதைச்சுத் தீர்ப்பம்."

"கதைக்கிற வாய் உங்களுக்கு இருந்திருந்தா, முதல் என்னட்டை வந்து கதைச்சிருப்பியள்."

அவரிடம் சவள் கிடையாது. வீட்டு முன்பக்கத்தைக் கம்பனிக்காரன் தள்ளுவான். "உம்மட சவளைக் கொஞ்சம் தாருமன்" என்றார்.

"என்ர சவள் எல்லை தாண்டாது அண்ணை."

அன்று அவர் குப்பை அள்ளும் தட்டால் பனி அள்ளினார். கோசலா யன்னலில் நின்று தேத்தண்ணி குடித்தாள். நாக்குக்கு அது நல்லாய் இனித்தது. மறுநாள் வரைபடத்தை அலுவலகத்தில் கொடுத்து, அவருடைய இரண்டு முறைப்பாடுகளையும் அதோடு வைத்துப் பார்க்கச் சொன்னாள். மூன்றாம் கிழமை அவளுக்கு நேர்முகத் திகதி வந்தது. அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. மன்னித்தாளோ என்று கேட்காதேங்கோ. இல்லை.

சரி, என்ர செல்லங்கள். உங்கட வீட்டுக்கு வாற தபாலெல்லாம் நல்ல சேதியாய் வரட்டும்; அடுப்பு அணையாமல், ஆரும் வழுக்கி விழாமல், குடும்பமாய்ச் சுகமாய் இருங்கோ.