முள் இறங்கும் நேரம்

பச்சை பட்டன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு விளம்பரக்கா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடிநீர் பம்ப்ஹவுஸில் டிவிக்கு என்ன வேலை என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். சாயங்கால நாடகத்தில் விளம்பர இடைவேளை விட்டதும் ஊரே ஒரே நேரத்தில் எழுந்து பாத்ரூமுக்கும் அடுப்படிக்கும் ஓடும். குழாயில் பிரஷர் சடாரென்று விழும், மேட்டுத்தெரு வீடுகளில் சொட்டுத் தண்ணீர் வராது. அதற்குப் பத்து விநாடி முன்னாலேயே இரண்டாவது பம்பை ஓட்டிவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் அவள் வேலை, அதுவும் தினக்கூலிக்கு. பேரும் அதனால் ஒட்டிக்கொண்டதுதான். "சீரியல் பாக்கச் சம்பளம் வாங்குற மகராசி" என்று வால்வுக்காரர் வாயடிப்பார். உண்மையில் ஒரு நாடகத்தின் கதைகூட அவளுக்கு உருப்படியாகத் தெரியாது. மாமியார் முகத்தை மூன்று தடவை வெட்டி வெட்டிக் காட்டி வயலின் அழ ஆரம்பித்தால் இடைவேளை வரப்போகிறது, அவ்வளவுதான் தெரியும்.

இன்றைக்குப் பக்கத்தில் புது இன்ஜினியர் நின்றிருந்தார். சுவரில் அவர் மாட்டிய சாம்பல் நிறப் பெட்டி ஒன்று, இன்னும் ஓட்டிப் பார்க்காமல் இருந்தது. பிரஷர் குறைந்தால் அது தானாகவே பம்பை ஓட்டுமாம்.

"விழுந்தப்புறம்தான் சார் அதுக்குத் தெரியும். நான் விழறதுக்கு முன்னாடியே ஓட்டிருவேன்" என்று திங்கட்கிழமையே அவள் மல்லுக்கு நின்றிருந்தாள். "பதினோரு வருஷமா ஓடுன நாடகம், வெள்ளிக்கிழமை முடியுது. அன்னைக்கு வந்து பாருங்க, ஊரே எந்திரிக்கும்."

"சரிக்கா. ஊரு எந்திரிச்சா நீங்க இருங்க. இல்லேன்னா பொட்டிதான். மேல கேக்கறாங்க, நான் என்ன பண்றது?"

பாவம், நல்ல மனுஷன்தான். ஆனால் ஏணியிலிருந்து விழுந்த புருஷன் இரண்டு வருஷமாகப் படுக்கையில் கிடக்க, வீட்டில் அடுப்பு எரிவது அவள் கூலியில்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாடகத்தில் காணாமல்போன பிள்ளை திரும்பி வந்து தாயைக் கூப்பிட்டது. அந்த இடத்தில் இடைவேளை விட்டார்கள். பிரஷர் காட்டும் கேஜில் நாலு கிலோவில் நின்ற முள் ஒன்றரைக்குப் பாய்ந்தது. அம்மாடியோவ்! அவளுக்கு மேலெல்லாம் புல்லரித்துப்போனது. ஒரு லட்சம் பேர் அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள், ஒரே ஆளைப் போல எழுந்திருக்கிறார்கள். அந்த அதிசயம் முழுக்கத் தன் கண்ணெதிரே ஒரு சாண் வட்டத்துக்குள் நடந்ததை அன்று வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அப்புறம் வருஷத்துக்கு வருஷம் முள் இறங்குவது குறைந்தது. இரண்டில் நின்றது, பிறகு மூன்றில். கேஜ் கெட்டுவிட்டதென்று இரண்டு தடவை மாற்றினார்கள். பைப்புக்குள் பாசி என்றார் வால்வுக்காரர். டிவி பார்க்க ஆளில்லை என்று மட்டும் ஒருத்தர் புத்திக்கும் எட்டவில்லை. இத்தனைக்கும் அவள் வீட்டு டிவிமேலேயே துண்டுதான் காய்ந்துகொண்டிருந்தது. மகள் ஒரு மூலையில் போனோடு, படுக்கையில் புருஷன் இன்னொரு போனோடு.

மாமியார் முகம். மறுபடி மாமியார் முகம். வயலின் அழுதது. மூன்றாவது முகத்துக்கு அவள் பட்டனை அழுத்தினாள்.

மோட்டார் உறுமியது. டிவியில் சோப்பு விளம்பரம் வந்தது. முள் நாலிலிருந்து இறங்கவில்லை, ஏறியது.

"இருங்க சார், எந்திரிப்பாங்க. கடைசி நாளு, கண்ணத் தொடச்சிட்டுத்தானே எந்திரிப்பாங்க?"

நாலரை. ஐந்து.

"அக்கா, போதும்."

"இதோ சார், இதோ…"

ஐந்தரை. சிவப்புக்கோடு ஆறில் இருந்தது.

"பழைய பைப்புக்கா! வெடிச்சிரும்!"

சிவப்பு பட்டனை அவளேதான் அழுத்தினாள். முள் நிதானமாக நாலுக்குத் திரும்பி அங்கேயே நின்றது.

வேலை போனதுகூட ஒரு நிமிஷம் அவளுக்கு உறைக்கவில்லை. வாயைப் பிளந்து முள்ளையே பார்த்தாள். அதே ஊர், அதே தண்ணீர். யாரோ குளிக்கிறார்கள், யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள், அவரவருக்குத் தோன்றிய நேரத்தில். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

"அத்தனை பேரும் எப்போ சார் எந்திரிச்சுப் போனாங்க? ஒரு சத்தம்கூட கேக்கலையே!"

இன்ஜினியர் "நாளைலேர்ந்து வர வேண்டாம்க்கா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். பிறகு பெட்டியின் மூடியைத் திறந்தார். சின்னத் திரையில் ஒரு காலிக் கட்டம் விட்டு விட்டு மின்னியது. பெட்டியோடு வந்த புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினார்.

"அக்கா… முள்ளு எத்தனைக்கு எறங்குனா பம்பு ஓட ஆரம்பிக்கணும்? இதுல போடலையே."

ஆபீஸ் ஃபைல் எதிலும் அது கிடையாது.

"மூணே கால்" என்றாள். "ராத்திரி பத்துக்கு மேல மூணு போதும். ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் மூணரை, எல்லாரும் துணி தொவைப்பாங்க."

"மெதுவாச் சொல்லுங்கக்கா."

அவள் முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் தட்டத் தட்ட, கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"இல்ல சார், ஞாயித்துக்கிழமைக்கு மூணே கால் போட்டுட்டீங்க" என்று திரையில் விரலை வைத்தாள். "அது மூணரை. இல்லேன்னா மேட்டுத்தெருக்காரங்க குளிக்க முடியாது."