கேபிள் டை போட்டு இறுக்கிய கதை

1.

இந்தக் கதை பிறந்த இடம் கல்லூரி அறிவிப்புப் பலகை. சாலைப் பாதுகாப்பு வாரத்தை முன்னிட்டுச் சிறுகதைப் போட்டி. தலைப்பு உங்கள் விருப்பம், நடை உங்கள் விருப்பம், விபத்து மட்டும் கட்டாயம். விபத்து இருந்தால்தான் படிப்பவர் மனத்தில் பாடம் பதியும் என்று பொறுப்பாசிரியர் விளக்கினார்.

"சாகணுமா சார், கை கால் போனா போதுமா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது உன் கற்பனை வளத்தைப் பொறுத்தது" என்றார்.

கற்பனை வளத்தைத் திரட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

மழை ஓய்ந்த சாலையில் அவளுடைய மோட்டார் சைக்கிள் சறுக்கி

வேண்டாம். அவள் யாரென்றே இன்னும் தெரியாது, அதற்குள் சறுக்கிவிட்டாள்.

அவள் கிளம்பும்போது கணவன் "பார்த்துப் போ" என்றான். அதுவே அவன் கடைசியாக

இதுவும் வேண்டாம். பார்த்துப் போ என்று சொல்லும் கணவன்மார்தான் கதைகளில் மனைவியைப் பறிகொடுக்கிறார்கள். சொல்லாதவர்கள் கடைசிவரை அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்கள்.

முதலில் ஆளைப் பார்ப்போம்.

2.

அவளுக்கு ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆனால் கூடத்துக்குள் அவளைப் பார்ப்பது அரிது. நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்கு மோட்டார் சைக்கிளில் போய் இரத்தம் எடுத்து வருவாள். எல்லோரும் வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள். வண்டி தாமதமானால் ஒரு தெருவே பசியோடு சபிக்கும். வண்டியே இல்லையென்றால் வேலையும் இல்லை.

போன வருடம் அவளுக்கு இடது தோள் இறுகிப்போனது. [ஏன் இறுகியது என்று உருக்கமாக ஒரு முன்கதை எழுதியிருந்தேன். மருத்துவரோ "சிலருக்கு வரும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நானும் கிழித்துப் போட்டேன்.] ஊசி பிடிப்பதில் சிக்கல் இல்லை. ஹேண்டில் பாரை எட்டிப் பிடிக்கும்போதுதான் உயிர் போனது. பார் கொஞ்சம் உயர்ந்து, கொஞ்சம் பின்னால் வளைந்து வந்தால் பிழைத்துக்கொள்வாள்.

அவளுடைய கொழுந்தன் வண்டிகளை அலங்கரிக்கும் கடை வைத்திருக்கிறான்.*

"உங்களுக்கு இல்லாததா அண்ணி? வண்டிய விட்டுட்டுப் போங்க. நாளைக்கு ராணி மாதிரி போவீங்க" என்றான்.

(* 'அலங்கரிக்கும்' என்பது என் சொல். கடைப் பலகையில் இதைவிடப் பெரிய சொல் இருக்கிறது. பலகையை எழுதியவன் அவன்.)

3.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்; வேறு யாரும் நடத்தாததால்தான் இவ்வளவு வினை.

வலது கைப்பிடியிலிருந்து பிரேக் எண்ணெய் ஒரு குழாய் வழியாக முன்சக்கரத்துக்கு இறங்குகிறது. இடது கைப்பிடியிலிருந்து கிளட்ச் கேபிள் என்ஜினுக்குப் போகிறது. பார் உயர்ந்தால் இவையும் நீள வேண்டும். இல்லையென்றால் வளர்ந்த பிள்ளைக்குப் பழைய சட்டை போட்ட மாதிரிதான். சும்மா நிற்கும்வரை ஒன்றும் தெரியாது, கையைத் தூக்கினால் தொப்புள் தெரியும். ஆகவே நீளமான குழாயும் கேபிளும் வாங்கி, அவை போகும் பாதையையும் மாற்றி அமைக்க வேண்டும். பிறகு ஹேண்டிலை இருபுறமும் கடைசிவரை திருப்பி ஒடித்துப் பார்க்க வேண்டும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கித் தொங்கவிட்டும் பார்க்க வேண்டும். எதுவும் இழுபடக் கூடாது, எங்கும் நசுங்கக் கூடாது.

கொழுந்தன் பழைய குழாயையும் பழைய கேபிளையும் புதிய பாருக்கு இழுத்து மாட்டினான். எட்டியது. எட்டியதால் சரி என்று முடிவு செய்தான். தொளதொளவென்று எதுவும் தொங்காததால் பார்க்கவும் லட்சணமாக இருந்தது. இன்னும் லட்சணமாக இருக்கட்டும் என்று கறுப்பு கேபிள் டைகளை, அதாவது கட்டி இறுக்கும் பிளாஸ்டிக் பட்டைகளை எடுத்து, குழாயை ஹெட்லைட் கம்பியோடும் கேபிளை வண்டிச் சட்டத்தோடும் சேர்த்து இறுக்கி, வால்களை ஒட்ட நறுக்கினான். படம் எடுத்து இணையத்தில் போட்டான். கீழே நிறைய நெருப்புப் பொம்மைகள் வந்தன.

அவள் முதல் சந்துக்குள் நுழைய ஹேண்டிலை வலப்பக்கம் முழுதாக ஒடித்தாள். கிளட்சை அவள் தொடவில்லை. கேபிளே அதை இழுத்துக்கொண்டது. என்ஜின் அலறியது, வண்டிக்கு இழுவை போனது, காலை ஊன்றித் தப்பித்தாள். திரும்பி வரும்போது வேகத்தடையைத் தாண்டி முன்சக்கரம் கீழே இறங்கிய கணத்தில், பிரேக் குழாய் அவள் கண்ணெதிரே விண்ணென்று விறைத்து நின்றது.

முன்பு மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, குளுக்கோஸ் ஏற்றும் குழாய்க்கு எப்போதும் ஒரு சுருள் விட்டுத்தான் பிளாஸ்திரி ஒட்டுவாள். நோயாளி புரண்டு படுப்பார் என்று அவளுக்குத் தெரியும். வண்டியும் அப்படித் திரும்பும், எழும்பும் என்று கொழுந்தனுக்குத் தெரியவில்லை.

வண்டியை வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தாள்.

4.

மறுநாள் காலை வீட்டு வாசலில் கொழுந்தனை நிறுத்தினாள். "தம்பி, வலப்பக்கம் ஒடிச்சா கிளட்ச் தானா புடிக்குது."

"அப்படியெல்லாம் புடிக்காது அண்ணி."

"புடிச்சுது."

"புது பார் இல்லையா. பழகிடும்."

"யாருக்குப் பழகணும்? எனக்கா, கேபிளுக்கா?"

கொழுந்தன் சிரித்தான். "அவ்வளவு தூரம் யாரு ஒடிப்பாங்க? ஓட்டும்போது சாய்ச்சுத்தான திரும்புவோம்."

"நான் போற சந்துல ஒரு பக்கம் மாடிப்படி, இன்னொரு பக்கம் நாய். சாய்ச்சா ரெண்டுல ஒண்ணு மேல சாய வேண்டியதுதான்."

பல் துலக்கிக்கொண்டிருந்த கணவன் நுரையோடு எட்டிப் பார்த்தான். "காலங்காத்தால ஆரம்பிச்சுட்டியா? ஆசையா செஞ்சு குடுத்திருக்கான்."

"ஆசையில பிரேக் புடிக்காதுங்க."

மாமியார் நாற்காலியிலிருந்து எழவில்லை. "அவன் வண்டியோடயே வளந்தவன்மா. நீ ஊசி போடறப்ப அவன் வந்து இப்படிக் குத்து, அப்படிக் குத்துன்னு சொல்றானா?"

"ஊசி தப்பாப் போட்டா ஆளு கத்தும் அத்தை. வண்டி கத்தாது."

"அதான் நீ கத்துற" என்றான் கணவன். தம்பியும் அவனும் சேர்ந்து சிரித்தார்கள்.

5.

பொறுப்பாசிரியர் கேட்ட விபத்தை இங்கே வைக்கலாம். எல்லாம் தயாராக இருக்கிறது.

முடிவு அ. வேகத்தடை, குழாய் பிய்கிறது, எதிரே லாரி. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறான். "அவ அப்பவே சொன்னாளே" என்று மாமியார் புலம்புகிறாள். முதல் பரிசு நிச்சயம்.

எனக்கு எரிச்சல் வருவதும் இங்கேதான். குழாய் இழுபடுவது கொஞ்சம் குனிந்தால் தெரிகிற சங்கதி. குனியச் சோம்பல்பட்ட மூன்று பேருக்குப் புத்தி வருவதற்காக ஒருத்தியை லாரிக்கடியில் தள்ளச் சொல்கிறீர்கள். அவள் வாயால் சொன்னால் சந்தேகம். எலும்பு முறிந்து சொன்னால் சத்தியம். இதற்குப் பாடம் என்று பெயர் வைத்து, சான்றிதழும் அச்சடித்து வைத்திருக்கிறீர்கள். இரத்தம் எடுப்பதுதான் அவள் வேலை. கொடுப்பதற்கு அவளை யாரும் நியமிக்கவில்லை. தள்ள மாட்டேன்.

முடிவு ஆ. கொழுந்தன் தன் தவறை உணர்கிறான். எழுதிப் பார்த்தேன். உணரத் தொடங்கி அரைப் பத்தி தாண்டுவதற்குள் வண்டிக் கண்ணாடியைத் திருப்பி வைத்துத் தலை வாரப் போய்விட்டான். ஆள் வசப்படவில்லை.

முடிவு இ. அவள் யாரிடமும் சொல்லாமல் வேறொரு கடையில் நீளக் குழாயும் கேபிளும் மாட்டிக்கொள்கிறாள். உலகத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான். விபத்து இல்லை, சண்டை இல்லை. அப்புறம் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கொழுந்தன் சொல்லுவான்: "பாத்தீங்களா அண்ணி, பழகிடுச்சு." அவள் சோற்றைப் பிசைந்துகொண்டு

இந்த வாக்கியத்தை முடிக்க முடியாமல் பேனாவை வீசினேன். லாரியே தேவலை என்று தோன்றிவிட்டது.

எனவே பழைய இடத்துக்கே போகிறேன். வாசலில் அவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

6.

சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றினாள்.

"ஏங்க, வாயைக் கொப்புளிச்சிட்டு வந்து பின் சீட்டை அமுக்குங்க."

கணவன் வந்து அமுக்கினான். முன்சக்கரம் தரையை விட்டு எழும்பித் தொங்கியது. பிரேக் குழாய் கம்பியாக விறைத்தது. அவள் விரலால் சுண்டினாள். ரப்பர் கொடுக்கக் கூடாத சத்தத்தைக் கொடுத்தது.

"டைட்டா இருந்தா நல்லதுதான?" என்றான் கணவன்.

கொழுந்தன் மோவாயைச் சொறிந்தான். "ஒண்ணும் ஆகாது அண்ணி. கம்பெனி ஹோஸ், தாங்கும். நான் கேரண்டி."

"அப்ப நீயே ஓட்டிக் காட்டு."

"தாராளமா." ஸ்டாண்டிலிருந்து இறக்கி, காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்து என்ஜினைக் கிளப்பினான். புதிய பாரில் கை வைத்ததும் அவன் முதுகு தானாக நிமிர்ந்தது. உண்மையிலேயே லட்சணமாகத்தான் இருந்தான்.

"அத்தை, மார்க்கெட் போகணும்னு சொன்னீங்களே. பின்னாடி ஏறிக்குங்க. இறக்கத்துல ஸ்பீடு பிரேக்கர் தாண்டி, சந்துல வலது பக்கம் திருப்பி விட்டுட்டு வரட்டும்."

மாமியார் பெருமையோடு எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு வந்து, ஏறுவதற்காக மகனின் தோளைப் பிடித்தாள்.

கொழுந்தன் பிரேக்கை ஒருமுறை அழுத்தினான். பார்வை குழாய் வழியே சக்கரம்வரை இறங்கியது. இன்னொரு முறை அழுத்தினான். ஊன்றிய கால் ஊன்றியபடியே இருந்தது.

"அம்மா, நீ நடந்தே போயிடேன்."

"ஏன்டா?"

"இல்ல... உனக்கு முட்டி வலின்னியே."

"முட்டி வலின்னா நடந்தா போவாங்க?"

அவன் என்ஜினை அணைத்தான்.

கணவனின் கை பின் சீட்டில் இருந்தது. அவன் இப்போதுதான் முதல் தடவையாகக் குனிந்தான்.

குத்திக்காட்ட ஒரு வரிகூட அவளுக்கு நான் எழுதவில்லை. இதற்குமேல் எழுதினால் அது எனக்காகத்தான் இருக்கும்.

7.

மாமியார் மகனின் தோளிலிருந்து கையை எடுத்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள்.

"ஏன்டா, என்னை ஏத்த மாட்டேங்கிற. அப்ப இவளை மட்டும்"

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. முடிக்கத் தெரியாமல் இல்லை. அந்த வீட்டில் இதை முடிக்க வேண்டியவன் நான் இல்லை. உங்கள் வீட்டில் யாராவது முடிப்பார்களா என்று பாருங்கள். மனத்துக்குள் சொன்னால் கணக்கில் வராது. எல்லோரும் கூடியிருக்கும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.