பாட்சா பாய் இலை அள்ளுகிறார்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. என் எரிச்சல் இல்லை, பாட்சாவுடையது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்னப் பள்ளிவாசலின் மோதினார் அவர். பாங்கு சொல்வதும் இடத்தைப் பெருக்கிக் கழுவுவதும் அவர் வேலை. தொழ வருகிறவர்கள் ஒளூ செய்யும், அதாவது கைகால் முகம் கழுவும், திறந்தவெளித் தொட்டிக்கு ஹவுள் என்று பெயர். அதில் பாட்சா வளர்க்கும் கெண்டை மீன்கள். அதன் தலைக்கு மேல் பக்கத்து வீட்டுப் பாதாம் மரம்.

இரண்டாயிரத்து ஏழு, மாசி மாதம். மரம் சிவந்து கொட்டுகிறது. அவர் வலைக்கம்பால் அள்ளுகிறார். அள்ளித் திரும்பினால் பின்னால் இன்னொன்று விழுகிறது.

"அன்று தண்ணீர் தேநீர் நிறத்தில்" (அடித்துவிட்டேன். தேநீர் என்று எழுதியதும் டீக்கடைக்குப் போய்விட்டேன்.)

"விழும் இலைகளைக் கண்டு பாட்சாவின் உள்ளம்" (உள்ளம் ஒன்றும் செய்யவில்லை. பல்லைத்தான் கடித்தார்.)

2

கதைக்கு ஒரு கெடு வேண்டுமே. கமிட்டித் தலைவர் ஷாகுல் கொடுத்தார். ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர்.

"பாய், தண்ணி இன்னா கலர்ல கீது பாருங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள தெளியலன்னா ஹவுள உடைச்சிட்டு வரிசையா பைப் போட்டுடலாம்."

"மீனு, தலைவரே?"

"மீனுக்கா ஒளூ செய்யணும்?"

இமாம் குறுக்கிட்டார். "தானா விழுந்த இலையால நிறம் மாறினா தண்ணி கெட்டதா ஆகாது. தாராளமா ஒளூ செய்யலாம்." எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு பைப்புக்கு எந்த சைஸ் என்று பேசினார்கள்.

பாட்சா மாடம்பாக்கம் ஏரியிலிருந்து தூக்குவாளியில் குஞ்சாகக் கொண்டுவந்த மீன்கள். கால் கழுவும்போது விரலைக் கடித்து வம்பு பண்ணும். ஹவுள் போனால் அவை எங்கே போகும்? கதையில் எனக்குத் தெரிந்த ஒரே உண்மையான பயம் இதுதான்.*

(* நானும் விசாரித்தேன். பாதாம் இலையின் சாயம் மீனை ஒன்றும் செய்வதில்லை. சில மீன்களுக்கு அது நல்லது என்றுகூடச் சொல்கிறார்கள். அடியில் குவிந்து அழுகும் இலைதான் தண்ணீரிலுள்ள காற்றைத் தின்னும். பாட்சா அழுகுவதற்கு விட்டால்தானே! இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் கதை முடிந்துவிடும்.)

3

முதல் வரைவில், தண்ணீர் தெளிய ஹவுளில் படிகாரத்தைப் போட்டது ஷாகுல். வில்லன் கிடைத்தால் எழுதுகிறவனுக்கு வேலை மிச்சம். ஆனால் அந்த மனிதர் கையில் எந்தக் காலத்திலும் வாளியைப் பார்த்ததில்லை. எத்தனை தடவை மாற்றி எழுதினாலும் கட்டியைக் கரைத்து ஊற்றியது பாட்சாதான்.

லாரித் தண்ணீர் கலங்கி வந்தால் குடத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிற அதே படிகாரம். குடிக்கிற தண்ணீருக்கே போடுகிறோம், மீனுக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தார். குடத்துக்கு ஒரு சுற்று என்றால் ஹவுளுக்கு எவ்வளவு என்று நினைக்கவில்லை. வியாழன் காலை பை பையாகக் கரைத்தார்.

மதியத்துக்குள் அடித்தரையின் ஓடு தெரிந்தது. பாட்சா சிரித்தே விட்டார். அப்புறம்தான் மீன்களைப் பார்த்தார். எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"யா அல்லா, நானே கொன்னுட்டேனே!"

சுவருக்கு அந்தப் பக்கம் கங்கையம்மாள் எட்டிப் பார்த்தாள். மரத்துக்கும் மாட்டுக்கும் சொந்தக்காரி. காலையில்தான் பாட்சா அவள் மரத்தை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தார்.

"இன்னா பாய், இன்னாத்துக்குக் கத்தற?"

"மீனு சாவுதுக்கா!"

"அதுக்கு கத்திக்கினு நிப்பாங்களா? இப்புடி தூக்கிக் குடு."

வலையில் மீன் சுவர் தாண்டியது. அவள் கொட்டியது மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியில். அதே மரத்தின் இலை அதிலும் மிதந்தது. தண்ணீர் கருஞ்சிவப்பு. மாடு குடிக்கக் குடிக்க அவள் புதுத்தண்ணீர் விடுவாள், ஊறிப்போன இலையை எடுத்து எறிவாள், அவ்வளவுதான். சாயங்காலம் பாட்சா மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். மீன்கள் இலைக்கடியில் வாலாட்டிக்கொண்டிருந்தன. அவருக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

4

வெள்ளிக்கிழமை. ஷாகுல் குனிந்து முகம் பார்த்தார். "கண்ணாடி மாதிரி கீது பாய்! இப்படியே வெச்சிருந்தா பைப்பே வாணாம். மீன எங்க காணோம்?"

பாட்சா வலைக்கம்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) மரத்தை வெட்டுகிறார்கள். (கங்கையம்மாள் முகத்தில் எப்படி விழிப்பார்? கிழித்துவிட்டேன்.)

ஆ) மீன்கள் மாட்டுத்தொட்டியிலேயே வாழ்கின்றன, பாட்சா சுவர்மேல் எட்டிப்பார்த்தே காலம் தள்ளுகிறார். (மாட்டைக் கேட்க வேண்டும்.)

இ) இமாம் சொன்னதை இரண்டாம் முறை, உரக்கச் சொல்கிறார். இந்தத் தடவை கமிட்டி (இவ்வளவு நல்ல கமிட்டியை நான் பார்த்ததில்லை.)

நான் நாலாவதைத் தேடிக்கொண்டிருந்தபோது ஓர் இலை விழுந்தது. பழுத்துச் சிவந்தது. தெளிந்த தண்ணீரின் நட்டநடுவில், தானாக.

பாட்சா பழக்கத்தில் வலையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார்.

"இன்னா பாய், அள்ளுங்க," என்றார் ஷாகுல்.

அள்ளி, படிகாரமும் போட்டுவந்தால் ஹவுள் பிழைக்கும், அந்தத் தண்ணீருக்கு மீன்கள் திரும்பி வராது. விட்டால் பழைய நிறம் வரும், மீன்களும் வரலாம், ஹவுள் நிற்குமா என்று தெரியாது. அவர் ஷாகுலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். எனக்கும் பொறுமை போய்விட்டது. அள்ளுங்கள் பாய், இல்லையென்றால் விடுங்கள், பக்கம் தீரப்போகிறது என்று கத்தினேன்.

"போங்கய்யா, ஆளாளுக்கு," என்றார். "பாங்குக்கு நேரமாச்சு."

வலையைத் தொட்டிச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார். ஷாகுல் அதைத் தொடமாட்டார். எனக்குக் கை எட்டவில்லை. கம்பு உங்கள் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது.