ஒன்பது பேர் படித்த கட்டுரை

மார்ச் 12, புதன். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். உதவிப் பேராசிரியர் ஜுவாங்கின் பதவி உயர்வு விண்ணப்பத்தில், முதன்மைக் கட்டுரை என்ற இடத்தில் அவர் குறித்திருந்ததைக் கைத்தவறு என்று நானே முடிவு செய்து மாற்றிவிட்டேன். அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

நாட்குறிப்பில் இதை எழுதி முடித்ததும் பெய்ரோங்குக்கு அதிலும் சந்தேகம் வந்தது. மாற்றியது மட்டும்தான் தவறா? மாற்றியதை லான் அக்காவிடம் காட்டி நல்ல பேர் வாங்கிக்கொண்டதை ஏன் எழுதவில்லை?

பல்கலைக்கழகத்தின் ஆய்வு அலுவலகத்தில் அவள் சேர்ந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. பதவி உயர்வு கேட்பவர்கள் என்னென்ன கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள், அவற்றை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று சரிபார்த்து, துறைவாரியாக ஒப்பிட்டுக் குழுவுக்கு அனுப்புவது அவள் வேலை. துறைக்குத் துறை கணக்கு வேறு. பேட்டரி ஆராய்ச்சியில் நூறு மேற்கோளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பாசி ஆராய்ச்சியில் பத்து வந்தாலே பெரிய ஆள். ஜுவாங் பாசிக்காரர். அலிஷான் மலைச்சரிவுப் பாறைகளில் படரும் பாசிகள்தான் அவர் உலகம். அவருடைய ஒரு கட்டுரைக்கு மட்டும் இருநூறுக்கு மேல் மேற்கோள் இருந்தது. அவரோ அதை விட்டுவிட்டு, ஒன்பதே மேற்கோள் பெற்ற வேறொன்றை முதன்மைக் கட்டுரையாகக் குறித்திருந்தார்.

எட்டு வருடத்துக்குள் பதவி உயர்வு பெறாதவருக்கு வேலை இல்லை என்பது விதி. அவருக்கு இது எட்டாவது வருடம். அப்படிப்பட்டவர் கையிலிருக்கும் துருப்புச்சீட்டை எதற்கு மறைக்கிறார்?

மறுநாள் காலை அதை லான் அக்காவிடமே கேட்டாள். பிரிவின் தலைவி அவர். தேநீர் முட்டையின் ஓட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

“அந்த இருநூறு வந்த கட்டுரைக்கு மொத மூணு வருஷம் மொத்தமே நாலு மேற்கோள்தான்க்கா. அப்புறம் திடீர்னு கொட்டுது. குறிப்பிட்டவங்கள்ல பாசிக்காரங்க ஒருத்தர்கூட இல்ல. பேட்டரி, தண்ணி வடிகட்டி, புண்ணுக்குக் கட்டுற துணி... காசு குடுத்தா மேற்கோள் போட்டுத் தர்ற கும்பல் இருக்காமே?”

“அந்த மனுஷனா? ரெண்டே சட்டைய மாத்தி மாத்திப் போட்டுட்டு வர்றாரு. அவரு எங்கடி காசு குடுக்கப் போறாரு?”

“அப்ப ஏன்க்கா பின்னாடி ஒளிச்சு வைக்கணும்?”

“துப்பறியப் போறியா? நம்ம வேலை எண்ணுறது. படிக்கிறது இல்ல. நாளைக்கு மத்தியானம் குழுவுக்குப் போகணும். பெரிய நம்பரையே முன்னாடி வெச்சு அனுப்பு. அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது.”

மதியம் வழக்கம்போல விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் மேசைமேல் தலையணை போட்டுத் தூங்கினார்கள். பெய்ரோங் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, ஜுவாங்கை மேற்கோள் காட்டியவர்களின் பெயர்களை வரிசையாகப் பார்த்தாள். கும்பலாக இருந்தால் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். இங்கே வரவில்லை. ஊர் வேறு, நாடு வேறு, ஒருவருக்கொருவர் எந்த ஒட்டும் இல்லை. அவள் சந்தேகம் அதனால் குறையவில்லை. இவ்வளவு சுத்தமாக இருப்பதே உறுத்தியது.

மாலை, வேலைக்குப் பிறகு அவள் படிக்கும் நூலகவியல் வகுப்பில் ஆசிரியர் காங் சார் வீட்டுப்பாடத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“மூணு பேர் ஒரே புத்தகத்துல முன்னூத்திப் பன்னெண்டாம் பக்கம்னு குறிச்சிருக்கீங்க. புத்தகமே நூத்தம்பது பக்கம்தான். மிச்சத்த நீங்களே எழுதிச் சேத்தீங்களா?”

வகுப்பே சிரித்தது. பெய்ரோங்குக்குக் காது சிவந்தது. அந்த மேற்கோள் பட்டியலைத் தட்டச்சு செய்து வகுப்பின் கைப்பேசிக் குழுவில் போட்டவள் அவள்தான். மற்ற இருவரும் புத்தகத்தைத் திறக்காமல் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் அவள் கைப்பேசியைத் திறந்துவிட்டாள். ஜுவாங்கின் அந்த இருநூறு மேற்கோள் கட்டுரை ஆய்விதழின் 41ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. பேட்டரிக் கட்டுரை ஒன்று அதை 14 என்று குறித்திருந்தது. வடிகட்டிக் கட்டுரையிலும் 14. அடுத்ததிலும் 14. ஒருவர் தவறாக எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இத்தனை பேரில் எத்தனை பேர் அந்தக் கட்டுரையைத் திறந்து பார்த்திருப்பார்கள்?

இது அவருக்குத் தெரியுமா? இடைவேளையில் அவள் தாவரவியல் கட்டடத்துக்கு நடந்தாள். ஜுவாங் தட்டுகளில் வளரும் பாசிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“சார், உங்க முதன்மைக் கட்டுரைய மாத்தினது நான்தான்.”

“மெயில் வந்துச்சும்மா. உங்க ஆபீஸ் கைத்தவறா இருக்கும்னு நெனச்சேன்.”

“நானும் அப்படித்தான் சார் நெனச்சேன்.”

அவர் சிரிக்கவில்லை. அவள் கைப்பேசியை நீட்டி, 41ஐயும் 14ஐயும் காட்டினாள். தெளிப்பான் நின்றது.

“அந்தக் கட்டுரையில நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு. இன்ன பாசி இன்ன பள்ளத்துல இருக்கு. பாசி இலை தண்ணிய எப்படி இழுக்குதுன்னு நான் நிரூபிச்சிட்டதா ஒரு பேட்டரிக்காரர் எழுதிட்டாரு. அவரைப் பார்த்து அடுத்தவரு. நாலு பேருக்கு மெயில் போட்டேன். ஒருத்தர்தான் பதில் போட்டாரு. என்னன்னு? ‘தங்கள் சிறந்த ஆய்வுக்கு நன்றி.’”

பெய்ரோங்குக்குச் சிரிப்பு வந்தது. உடனே, இதையும் முன்கூட்டியே தயார் செய்து வைத்திருப்பாரோ என்று தோன்றியது.

“குழுவுக்கு நீங்களே சொல்லியிருக்கலாமே சார்?”

அவர் ஒரு தட்டை நகர்த்தி, மறுபடி பழைய இடத்திலேயே வைத்தார்.

“சொன்னா மொத்த எண்ணிக்கையும் போச்சு. எனக்கு நாப்பத்தாறு வயசு. பாசிக்காரன எந்த யுனிவர்சிட்டி புதுசா எடுக்கும்? பொய் சொல்ல வேணாம், உண்மையும் சொல்ல வேணாம்னு பின்னாடி தள்ளி வெச்சேன். யாராவது பார்த்தா பார்க்கட்டும்னு.”

ஆக, அவள் சந்தேகம் முழுக்கப் பொய்யில்லை. அவர் எதையும் வாங்கவில்லை. ஆனால் வந்ததைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

“அந்த ஒன்பது மேற்கோள் சார்?”

“ஒன்பது பேரும் படிச்சிருக்காங்க. ஒருத்தரு நான் சொன்னது தப்புன்னு ஒரு முழுக் கட்டுரையே எழுதியிருக்காரு. அதுல பாதி நியாயம்மா.” இதைச் சொல்லும்போதுதான் அவர் முகம் தெளிந்தது.

“ஒரு குறிப்பு எழுதிக் கொண்டுவந்தா கையெழுத்துப் போடுவீங்களா?”

“கொண்டு வாங்க. பார்க்கலாம்.”

அந்தப் ‘பார்க்கலாம்’ சம்மதமா மறுப்பா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மறுபடி வகுப்பில் போய் உட்கார்ந்தும் பாடம் காதில் ஏறவில்லை. குறிப்பை இணைத்தால் அவர் வேலை போகலாம். இணைக்காவிட்டால், பார்த்து எழுதியவர்களின் வரிசையில் அவளும் ஒருத்தி. வீடு திரும்பியதும் எழுதினாள்:

மார்ச் 13, வியாழன். நாளை லான் அக்கா வருவதற்கு முன் முதன்மைக் கட்டுரையைப் பழையபடி மாற்ற வேண்டும். 41, 14 பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதி ஜுவாங்கிடம் கையெழுத்துக் கேட்க வேண்டும். அவர் போடாவிட்டால் என் பெயரில் இணைக்க வேண்டும். அந்த ஒன்பது பேரைப் பற்றியும் அதில் ஒரு வரி வர வேண்டும். அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அவர்கள் படித்த அந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டும். நான் இன்னும் படிக்கவில்லை.