கடலூர் டிக்கெட்டுகள்

"அந்தச் சீட்டையெல்லாம் பெருக்கித் தள்ளுடி. மாலை போட வர்றவங்க மிதிச்சிக்கினு போறாங்க பாரு" என்று பக்கத்து வீட்டு வீரம்மாள் துடைப்பத்தை நீட்டினாள். நந்தினி அதை வாங்கிக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தாள்.

ஹாலின் நடுவே குளிர்பெட்டிக்குள் மாமனார் வைத்திலிங்கம் படுத்திருந்தார். அவர் காலடியிலிருந்து சமையலறை வாசல்வரை தரையில் நூல் பிடித்ததுபோல் பஸ் டிக்கெட்டுகள். வரிசையின் முடிவில் நந்தினியின் மகள் தமிழ்மொழி, ஆறு வயது, பெட்டியின் மோட்டார் சத்தம் தாங்காமல் இரு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிக்கெட் வைக்க மட்டும் ஒரு கை இறங்கும், உடனே ஏறிவிடும். தாத்தா வெளியே போய்வந்தால் அவளுக்குக் கொண்டுவரும் ஒரே பண்டம் அதுதான். மிட்டாய் கொடுத்தால் வீசிவிடுவாள். டிக்கெட்டுகளை வந்த வரிசை மாறாமல் தினமும் தரையில் அடுக்குவாள்.

அவளுக்காகத்தான் பறை வேண்டாம் என்று நந்தினியின் கணவன் கார்முகில் சொல்லியிருந்தான். அப்பனுக்குப் பறைகூட அடிக்காத பிள்ளை என்று ஷாமியானாவுக்குக் கீழே பங்காளிகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து மாதமாக நந்தினியைக் குடைந்த கேள்வி, இந்த மனிதர் எங்கேதான் போகிறார் என்பது. செவ்வாயும் வெள்ளியும் இஸ்திரி போட்ட சட்டையும் குடையுமாகக் கிளம்பிவிடுவார். கேட்டால், "சும்மா, ஒரு வேலையாம்மா." சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்து ரிட்டயர் ஆனவருக்கு வெளியூரில் என்ன வேலை? "எங்கனா சின்ன வூடு வச்சிக்கினு இருக்காரா பாரு" என்று வீரம்மாள் கிண்டலடித்தபோது நந்தினி சிரித்தாள். ஆனால் அடுத்த நாள் அவர் சட்டையைத் துவைக்கும்போது முகர்ந்து பார்த்தாள். வியர்வையும் பஸ் டீசலும்தான்.

நேற்றும் வெள்ளிக்கிழமைதான். கடலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, பிளாக் முனை நிறுத்தத்தில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். இனி யாரிடம் கேட்பது?

சமையலறை ஆணியில் மாட்டியிருந்த அவர் சட்டைக்குள் போன் அடித்தது. தமிழ்மொழி வீறிட்டாள். நந்தினி ஓடிப்போய் எடுத்தாள். போனோடு ஒட்டிக்கொண்டு ஒரு டிக்கெட்டும் கையில் வந்தது.

"தமிழ்மொழி வூடுங்களா? கடலூர் கிளினிக்லேர்ந்து காயத்ரி பேசறேன். ஐயா இல்லீங்களா?"

"எந்த கிளினிக்?"

"ஆட்டிசம் பசங்கள பாக்கறாங்களே, டாக்டரம்மா. நீங்க பாப்பாவோட அம்மாங்களா? வியாழக்கெழம பதினோரு மணிக்கு எடம் கெடச்சிருக்கு. உங்கள கேட்டுட்டுத்தான் சொல்வேன்னு நேத்து சொல்லிட்டுப் போனாரு. அதான் கேக்கறேன்."

போன வருஷம் தமிழ்மொழியை வேறொரு ஊர் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அந்த ஆள் தலையே நிமிரவில்லை. நாலு பேர் குழந்தையின் கைகாலை அமுக்கிப் பிடித்தார்கள். அதுவரை அவளிடம் இருந்த இரண்டு சொற்களும், 'தாத்தா'வும் 'பஸ்'ஸும், அன்றோடு போயின. பழைய ஷிப்ட் தோழர் சொன்னதைக் கேட்டு அந்த டாக்டரைக் காட்டியது மாமாதான். இனி எந்த டாக்டர் வாசலையும் மிதிக்க மாட்டேன் என்று நந்தினி அவர் முகத்துக்கு நேரே கத்தினாள். "செரிம்மா" என்றார், அவ்வளவுதான். மகளுக்கு வயது ஏற ஏற, பிடிவாதத்தில் பிள்ளையைக் கெடுக்கிறோமோ என்ற பயம் அவளைத் தின்றது. அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை.

"அவரு அங்க வந்து என்ன பண்ணுவாரு?" என்றாள்.

"சும்மா ஒக்காந்திருப்பாருங்க. கொழந்த எங்கன்னு கேட்டா, நான் மொதல்ல பாத்துக்கறேன்னுவாரு. பத்து எடம் இப்பிடித்தான் பாத்தேன்னாரு. போன மாசம் ஒரு பையன் ஃபேன் சத்தத்துக்குக் கத்தனான். டாக்டரம்மா ஃபேன நிறுத்திட்டு அவன்கூட தரையில ஒக்காந்தாங்க, ஒரு மணி நேரம். வேர்த்துக் கொட்டுது, தொடவே இல்ல அவன. அன்னிக்குத்தான் ஐயா பாப்பா பேர எழுதிக்கச் சொன்னாரு. 'எங்க பொண்ணு இன்னொரு தபா அழக்கூடாதும்மா'ன்னாரு. பொண்ணுன்னா நீங்கதானுங்களே?"

நந்தினிக்கு நேற்றிலிருந்து வராத அழுகை வந்தது. பெல்ட்டைப் பற்றி மாமா சாப்பாட்டுத் தட்டின்முன் அடிக்கடி சொல்லும் பேச்சு நினைவுக்கு வந்தது. 'எவன் ஓகே சொன்னாலும் சுவிட்சப் போட மாட்டேன். ஒரு தடவ முழு நீளமும் நடந்து பாத்துடுவேன்.'

"ஹலோ... அங்க என்னங்க, அழுகைச் சத்தமா கேக்குது?"

"மாமா நேத்து சாயங்காலம் தவறிட்டாருங்க. இன்னும் எடுக்கல."

"ஐயோ, நேத்து நல்லாத்தான பேசிட்டுப் போனாரு... பேர எடுத்துடறேங்க. காரியம் முடிச்சிட்டுச் சொல்லுங்க. ஆனா அடுத்த தேதி நாலு மாசம் ஆவும்."

"எடுக்காதீங்க" என்றாள் நந்தினி. "வியாழக்கெழம வர்றோம்."

"பதினாறு முடியாம எங்கடி போவப் போற? துக்க வூடு இது" என்று பின்னால் வீரம்மாள் திடுக்கிட்டாள். வாசலிலிருந்து கார்முகில் எட்டிப் பார்த்தான். அவனிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

நந்தினி மாமாவின் காலடிக்குப் போய், முதல் டிக்கெட்டிலிருந்து குனிந்து படித்தாள். எழுத்து மங்கிப்போன விருத்தாசலம். பண்ருட்டி. சிதம்பரம், மறுபடி சிதம்பரம். விழுப்புரம்கூட ஒன்று. தினமும் தாண்டிப்போன வரிசைதான். ஒருநாளும் அவள் படித்ததில்லை. பாதி தூரம் வந்ததும் ஊர்ப்பெயர் மாறவில்லை. கடலூர், கடலூர், கடலூர். மாலையோடு வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஒன்றைக்கூட விடாமல் வரிசையின் முடிவுவரை நடந்து, மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

கையில் கசங்கியிருந்த நேற்றைய டிக்கெட்டை நீவி, கடைசியில் வைத்தாள்.

தமிழ்மொழி அதையே பார்த்தாள். பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு கையையும் காதிலிருந்து எடுத்து, கொஞ்சம் கோணியிருந்த அந்த டிக்கெட்டை நேராக்கினாள்.