ஜனாஸா அறிவித்தலில் ஒரு பெயர்

"மச்சி, காக்காட தொழில் என்டு என்ன போடுற?" என்று பஸ்னாவிடம் கேட்டுவிட்டு, கேட்டதற்காகவே நாக்கைக் கடித்துக்கொண்டாள் நஸ்ஹா.

உள்ளே கட்டிலில் அவளுடைய மூத்த சகோதரர் அஸாம் காக்கா வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். விடிய ஸுபஹுத் தொழுதுவிட்டு வந்து, நெஞ்சு எரிகிறது, தண்ணி கொண்டா என்றாராம். மனைவி பஸ்னா கிளாஸோடு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. நாற்பத்தொரு வயது. சாகிற வயதா அது!

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அதற்குமுன் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும்: இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் சகோதரர் மௌத்தானார் என்று. அதற்கான துண்டுக் கடதாசியில் எழுதியபடிதான் ஏறாவூர் ஒரு மனிதரைக் கடைசியாகக் கேட்கும். படித்தவள் நீதானே என்று பேனையை அவள் கையில் திணித்துவிட்டார்கள். துண்டைக் கொண்டுபோகப் பஸ்னாவின் மாமா றம்ஸீன் வாசலில் நின்றார்.

"ப்ரிஜ் பாஸ் என்டு போட்டா ஊருக்கே விளங்கும்," என்றாள் பஸ்னா, அழுகைக்கிடையில். குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவரை ஊர் அப்படித்தான் கூப்பிடும்.

சுவரில் சாய்ந்திருந்த நஸ்ஹாவின் உம்மா ஆமினா தலையை நிமிர்த்தினார். "ட்ரெயினிங் சென்டர்ல படிப்பிச்ச புள்ள அவன். அதயும் போடு. உன்ட பேரக் கட்டாயம் போடு மகள். கம்பஸ் லெக்சரர் நஸ்ஹாட காக்கா என்டு போடு. அவனுக்கு அதுதான் பெரிசு."

நஸ்ஹாவின் பேனை நின்றது.

மூன்று வருடத்துக்கு முந்திய கதை. தொழிற்பயிற்சியில் ஐந்தாம் மட்டம் முடித்தவர்கள் நேரே பட்டப்படிப்பில் சேரலாம் என்று அவள் படிப்பித்த பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் கதவைத் திறந்திருந்தார்கள். தங்கச்சிக்குச் சீதனமாக வீடு கட்டிக் கொடுக்க வேண்டுமே என்று பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்ட அஸாம், வீட்டையும் கட்டி முடித்து, அவளுக்குக் கலியாணமும் செய்துவைத்து, பிறகு ஒவ்வொரு மட்டமாக ஏறி வந்திருந்தார். நேர்முகத்துக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர். கேள்வி கேட்ட மூவரில் நஸ்ஹாவும் ஒருத்தி.

அவள் அன்று விலகியிருக்கலாம். விலகினால் காரணம் சொல்ல வேண்டும். அந்த ப்ரிஜ் பாஸ் என் காக்கா என்று கூட இருந்தவர்களிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக அவள் காக்காவுக்குப் போன் எடுத்தாள். "அங்க என்னத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்க வேணாம் காக்கா. ஆக்கள் வேற மாதிரிக் கதைப்பாங்க."

"அதுக்கென்ன புள்ள," என்று சிரித்தார் அவர்.

மினுக்கிய சேர்ட்டோடு வந்தார். எவ்வளவு தேய்த்தும் போகாத கறுப்பு நகத்தில் இருந்தது. ப்ரிஜில் காஸ் குறைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று தலைவர் கேட்டார். "சத்தத்தில பாதி தெரியும் சேர். மிச்சம் பைப்பத் தொட்டாத் தெரியும்." மற்ற இருவருக்கும் அந்தப் பதில் பிடித்துவிட்டது. அப்போதுதான் நஸ்ஹா, அவருக்கு வராது என்று நன்றாகத் தெரிந்த ஒரு கணக்கை இங்கிலீஷில் கேட்டாள்.

"அது தெரியாது மேடம். படிக்கத்தானே வந்திரிக்கன்."

மேடம்! தோளில் தூக்கித் திரிந்த தங்கச்சியைப் பார்த்துச் சொன்னார். குடும்பத்தில் யாரும் கம்பஸ் போயிருக்கிறார்களா என்று தலைவர் கேட்டதற்கு, "ஒருத்தருமில்ல சேர்" என்றார். கணிதம் போதாது என்று அவள் எழுதினாள். நியாயமாக நடந்தேன் என்று தனக்குத்தானே சொல்லியும் கொண்டாள். அவர் பிறகு விண்ணப்பிக்கவே இல்லை.

"அன்டைக்கு வந்து என்ன சென்னான் தெரியுமா?" உம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "'தங்கச்சி எனக்காக எவ்வளவோ கதைச்சுப் பாத்தா உம்மா, எனக்குத்தான் கணக்கு வரல்ல' என்டான். உன்ன ஒரு சொல்லுச் சொல்ல விடமாட்டான்."

நஸ்ஹாவுக்குக் காது மடல்வரை சுட்டது. வெட்கம் என்றால் இதுதான் வெட்கம். மண்ணுக்குள் போகப்போகிறவர் அவர், போக வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

"உம்மா, நான் அன்டைக்கு..."

"மகள், கெதியா எழுதுங்க. பள்ளியில மோதினார் அறிவிக்கப் பாத்துக்கிட்டு நிக்கார்," என்றார் றம்ஸீன் மாமா.

எழுதினாள். தொழிற்பயிற்சி ஆசிரியர் என்று முதலில் போட்டாள். எல்லாருக்கும் கடைசியில், பட்டம் பதவி எதுவுமில்லாமல், 'நஸ்ஹாவின் சகோதரர்' என்று மட்டும் போட்டுத் துண்டைக் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. மோதினாருக்கு அவளைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். துண்டில் ஏதோ விடுபட்டுவிட்டது என்று நினைத்திருப்பார், நல்ல மனிதர். "தொழிற்பயிற்சி ஆசிரியரும், மர்ஹூம் அஹமட் அவர்களின் மகனும், பஸ்னாவின் கணவரும், நமது ஊருக்குப் பெருமை சேர்த்த கம்பஸ் விரிவுரையாளர் நஸ்ஹா அவர்களின் சகோதரருமான அஸாம் அவர்கள் இன்று வபாத்தானார்கள்." இரண்டாம் முறையும் அப்படியே வாசித்தார். உம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

நஸ்ஹா எழுந்து அறைக்குள் போனாள். யாஸீன் ஓதிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி அவளைக் கண்டதும் அவசரமாக நகர்ந்து தலைமாட்டில் இடம் விட்டாள்.

"தள்ளி இரிங்க புள்ளயள், மேடம் வாறா."

நஸ்ஹா தலைமாட்டுக்குப் போகவில்லை. பாய் எட்டாத இடத்தில், கால்மாட்டில், வெறும் சீமெந்துத் தரையில் உட்கார்ந்தாள்.