கற்பூரம் கூடாது

அம்பிகைக்கு எட்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. பஸ்ஸின் கோன் சத்தம், புதுச் சட்டை, வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று எது பிடிக்காவிட்டாலும் மடத்துவெளி ஊர் முழுக்கக் கேட்கக் கத்துவாள், தலையைச் சுவரில் மோதுவாள். பேய் என்று நூல் கட்டியவர்கள் இருந்தார்கள். தாய் செய்த பாவம் என்று வாய் கூசாமல் சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எல்லாம் என்ன பெரிய முத்துக்களோ தெரியாது.

யாருடைய முகத்தையும் அவள் பார்ப்பதில்லை. ஆனால் பொழுதுபட, தாய் இராசேஸ்வரி சாமியறையில் கற்பூரம் கொளுத்தினால் எங்கிருந்தாலும் ஓடி வருவாள். சுடரில் ஒற்றிய தாயின் கைகளை இழுத்துத் தன் கண்களில் பொத்திக்கொள்வாள். பிறகு அந்தக் கைகளை விலக்கி, தாயின் முகத்தை நேரே பார்ப்பாள். கற்பூரம் அணையும் வரைக்கும்தான். அந்த ஒரு பார்வைக்காகத்தான் இராசேஸ்வரி மிச்சப் பகலையெல்லாம் தாங்கினாள்.

கணவன் குலசிங்கத்துக்குப் பதுளையில் கடை. பொங்கலுக்கும் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கும் மட்டும் வீட்டுக்கு வருவார். எழுபத்துநாலாம் ஆண்டு பொங்கலுக்கு வந்தவர், ஊர்காவற்றுறையில் ஓமியோபதி பார்க்கும் தம்பையாவிடம் பிள்ளையைக் கூட்டிப் போனார். தம்பையா இளைப்பாறிய தபாலதிபர். புத்தகம் படித்து வைத்தியம் பழகியவர், நல்ல மனுசன்.

எந்தப் பக்கம் சரிந்து படுக்கிறாள், உப்பு விருப்பமா, இடிக்குப் பயமா என்று அவர் ஆறுதலாகக் கேட்டுக்கொண்டே போனார். தன் பிள்ளையைப் பற்றி ஒருவர் இவ்வளவு கேட்டது இராசேஸ்வரிக்கு அதுவே முதல் தடவை. அவளுக்குக் கண் கலங்கியது. பதில் சொன்னதெல்லாம் என்னவோ வருசத்தில் இரண்டு முறை பிள்ளையைக் காணும் குலசிங்கம்தான்.

கடைசியில் தம்பையா சீனிக் குளிசைப் போத்தலை நீட்டினார். "ஆனி வரைக்கும் குடுங்கோ. கோப்பி, பச்சை வெங்காயம் கூடாது. முக்கியமா, வீட்டிலை கற்பூரம் கொளுத்தக் கூடாது. அந்த வாசம் பட்டால் மருந்து வேலை செய்யாது."

இராசேஸ்வரி திடுக்கிட்டாள். "ஐயா, கற்பூரமெண்டால் இவள்..." என்று தொடங்கினாள். "அதென்ன பெரிய காரியம், விட்டால் போச்சு" என்று குலசிங்கம் எழுந்துவிட்டார். அவளும் வாயை மூடிக்கொண்டாள். பிள்ளை பேசும் என்றால் எதைத்தான் விடமாட்டாள்?

கற்பூரம் வைக்கும் தகரப் பேணி அலுமாரிக்கு மேலே ஏறியது. அம்பிகை பொழுதுபட வந்து நின்றாள். தாயின் கைகளைப் பிடித்து, விரித்துப் பார்த்து, குளிர்ந்திருக்கவே அவற்றில் அடித்தாள். அடுத்த நாளும் வந்தாள். மாசியிலும் வந்தாள். பிறகு வருவதை விட்டாள். கொஞ்ச நாளில் கத்துவதையும் விட்டாள். வைத்த மூலையில் வைத்தபடி இருந்தாள்.

ஆனியில் அம்மன் திருவிழாவுக்கு வந்த குலசிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. மருந்து பிடித்துவிட்டது, இன்னும் ஒரு வருசம் கொடுப்போம் என்று அயலட்டைக்கெல்லாம் சொன்னார். ஊரும் ஓம் போட்டது. இராசேஸ்வரி மட்டும் மூலையில் இருந்த மகளைப் பார்த்தாள். இன்னும் ஒரு வருசம்!

அன்று பொழுதுபட அவள் கதிரையில் ஏறிப் பேணியை இறக்கினாள். ஒரு கட்டியைத் தட்டில் வைத்துக் கொளுத்தினாள். மூலையில் இருந்தவள் திரும்பவில்லை. கட்டி எரிந்து அணைந்தது. இன்னொன்றைக் கொளுத்தினாள். அம்பிகை மெல்ல எழும்பி வந்தாள். தாயின் கைகளைச் சுடரருகே கொண்டுபோய், கண்களில் பொத்தி, விலக்கினாள். பார்த்தாள்.

வாசம் முற்றத்துக்குப் போயிருக்க வேண்டும். குலசிங்கம் வாசலில் வந்து நின்றார். "என்ன வேலை செய்தனீர்? இவ்வளவு நாள் மருந்தும் பாழ்."

இராசேஸ்வரி திரும்பவில்லை. திரும்பினால் அந்தப் பார்வை போய்விடும். "சத்தம் நிண்டதெண்டு நீங்கள் சொல்லுறியள். நிண்டது என்ரை பிள்ளை" என்றாள்.

குலசிங்கம் கற்பூரத் தட்டை ஒரே அடியாகத் தட்டிவிட்டார். அது சுவரில் மோதிக் கணகணவென்று உருண்டது. அம்பிகை கத்தத் தொடங்கினாள். மடத்துவெளி முழுக்கக் கேட்கிற அதே கத்தல். வேலிக்கு மேலால் தலைகள் தெரிந்தன. "பாரும், பாத்துக்கொள்ளும்" என்று அவர் தலையில் கைவைத்து இருந்துவிட்டார்.

இராசேஸ்வரி மகளின் தலைக்கும் சுவருக்கும் நடுவே தன் கையைக் கொடுத்தாள். ஒவ்வொரு மோதலும் எலும்பில் இறங்கியது. இனி எத்தனை வருசம் இதைத் தாங்குவேனோ என்று பயந்தாள். ஆனாலும் மற்றக் கையால் கற்பூரப் பேணியைத் தேடி எடுத்து மடியில் செருகிக்கொண்டாள்.